பகல் விளக்கு யார் பணம்?

தீபாவளி இரவிலே இந்தியாவெங்கும் வானம் ஒளிர்கிறது. அந்த ஒளியிலே பெரும்பகுதி சிவகாசித் தொழிலாளியின் கைவண்ணம். ஊருக்கெல்லாம் ஒளி தருபவன் மருந்து அறையிலே பகல் வெளிச்சத்தை நம்பி வேலை செய்கிறான். ஒரு சிட்டிகை மருந்தையும் அளந்து எடுக்கிறான். அளவு தவறினால் ஆபத்து என்பதை அறிந்தவன் அவன்.

அளந்து வாழும் அந்த மண்ணிலே, அளவின்றி எரியும் ஒன்று உண்டு. விருதுநகரிலும் சிவகாசியிலும் எழும்பி வரும் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வெளி விளக்குதான் அது! மதிற்சுவரிலே ஒன்று, மாடி முகப்பிலே ஒன்று, வண்டி நிறுத்தும் இடத்திலே ஒன்று. பொழுது சாயும் முன்பே போடுகிறார்கள்; பொழுது விடிந்த பின்பும் அணைக்க ஆளில்லை. கேட்டால், "பொது விளக்குதானே!" என்கிறார்கள்.

பொது என்றால் யாருக்கும் சொந்தமில்லை என்றா பொருள்? எல்லோருக்கும் சொந்தம் என்றல்லவா பொருள்!

கணக்குப் பார்ப்போம். 150 வாட் விளக்கு ஒன்று இரவு 12 மணி நேரம் எரிந்தால் 1.8 யூனிட். இரண்டு மாதத்துக்கு 108 யூனிட்! 2016இல் ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு மாதத்துக்கு இலவசமாக அறிவிக்கப்பட்டது 100 யூனிட். ஒரு குடும்பத்துக்கென்று ஒதுக்கியதைவிட அதிகமாக ஒற்றை விளக்கு விழுங்குகிறது. பகலிலும் அணைக்காவிட்டால் அது 216 யூனிட்!

இதற்குச் சலுகையும் கிடையாது. அடுக்குமாடிகளின் பொது இணைப்புக்கு 2022 செப்டம்பரில் தனிக் கட்டணம் வந்தது. அப்போது யூனிட்டுக்கு 8 ரூபாய். லிஃப்ட் இல்லாத சிறு கட்டடங்களுக்கு 2023இல் குறைத்தார்கள். 8 ரூபாய்க் கணக்கிலே 108 யூனிட்டுக்கு 864 ரூபாய். கொடுப்பவர் யார்? பராமரிப்புச் செலவு என்ற பெயரிலே குடியிருப்போர் அத்தனை பேரும்!

பணம் மட்டுமா போகிறது? அனல் மின் நிலையத்திலே ஒரு யூனிட் பிறக்க ஏறத்தாழ முக்கால் கிலோ நிலக்கரி சாம்பலாகிறது. தூத்துக்குடிக்குக் கப்பலேறி வரும் கரியிலே 80 கிலோவை இரண்டே மாதத்தில் ஒரு சுவர் விளக்கு தின்று தீர்க்கிறது.

2012ஆம் ஆண்டை மறந்திருக்க மாட்டீர்கள். சென்னைக்கு 2 மணி நேர மின்வெட்டு. மற்ற மாவட்டங்களிலோ பத்து மணி நேரத்தையும் தாண்டியது. டீசல் வாங்க வசதியுள்ள முதலாளி ஜெனரேட்டரை ஓட்டினார். வசதியற்ற சிறு அச்சகம் நின்றது. நின்ற நேரத்துக்குக் கூலி ஏது? சுவர் விளக்கை அணைத்திருந்தால் மின்வெட்டே வந்திராது என்று நான் கூறவில்லை. தேவைக்கேற்ற உற்பத்தி இல்லாததுதான் அடிப்படைக் காரணம். ஆனால், இல்லாத காலத்திலே பட்டினி கிடந்தவன், இருக்கும் காலத்திலே சோற்றைத் தெருவிலே கொட்டலாமா?

"அப்படியானால் இருட்டிலே கிடக்கச் சொல்கிறாயா?" என்று கேட்பார்கள் சிலர். இல்லை, தோழர்களே! இரவு வேலை முடிந்து வரும் தாய்மார்களின் பாதையிலே விளக்கு வேண்டும். மாடிப்படியிலே வேண்டும். பாம்பும் பள்ளமும் உள்ள இடத்திலே கட்டாயம் வேண்டும். வேண்டாதது எது? ஆளற்ற சுவருக்கு அலங்காரம் வேண்டாம். நட்சத்திரங்களுக்கு நாம் விளக்குப் பிடிக்க வேண்டாம்!

செய்ய வேண்டியதும் எளிது. மேலே சிதறும் ஒளியைத் தரைக்குத் திருப்ப விளக்குக்கு ஒரு மூடி போடுங்கள். நேரத்துக்கு அணையும் டைமர் ஒன்று வையுங்கள். 60 வாட் குண்டு பல்பு தரும் வெளிச்சத்தை 9 வாட் எல்.இ.டி. பல்பு தருகிறது, மாற்றுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, சுவிட்சுக்கு ஒரு பொறுப்பாளரை நியமியுங்கள். கிளைக்கு ஒரு செயலாளர் இல்லாமல் கிளை நடக்குமா? வாரம் ஒரு வீடு என்று முறை வைத்துக் கொள்ளுங்கள்.

ஒற்றை அறையிலே ஒரு பல்பு எரிக்கும் ஏழையிடம் சிக்கனம் பேசுவது அநீதி. பத்து விளக்கைப் பகலிலே எரிப்பவரிடம் பேசுங்கள். சங்கக் கூட்டத்திலே கேளுங்கள். மின் கட்டண ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். இன்று மாலையே உங்கள் கட்டடத்தைச் சுற்றி வந்து, எரியும் விளக்குகளை எண்ணிப் பாருங்கள்!