உங்களுக்குத் தெரியுமா? ஜமக்காளத்துக்குள் ஒரு குடித்தனம்

எலவனாசூர்கோட்டை வீட்டில் விருந்தாளி வந்தால் பரணிலிருந்து ஜமக்காளம் இறங்கும். உதறி விரித்த கையோடு அடுக்குத் தும்மலும் வரும்.

குற்றவாளி வெறும் புழுதி அல்ல. டஸ்ட் மைட் எனப்படும் தூசிப்பூச்சிக்கு எட்டுக் கால். சிலந்திக்குத் தூரத்து உறவு. நீளம் சுமார் கால் மில்லிமீட்டர். நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் செதில்தான் அதற்குச் சாப்பாடு. கடிக்காது. ஆனால் அதன் எச்சத்திலுள்ள புரதம் தும்மலையும் ஆஸ்துமாவையும் கிளப்பிவிடும். தூசி ஒவ்வாமைக்கு இந்தப் பூச்சியே முக்கியக் காரணம் என்று 1964-ல் எடுத்துச் சொன்னவர்கள் நெதர்லாந்தின் லெய்டன் நகர ஆய்வாளர்கள்.

அது தண்ணீர் குடிப்பதில்லை; காற்றிலுள்ள ஈரத்தை உடம்பாலேயே இழுத்துக்கொள்ளும். எனவே ஐப்பசி, கார்த்திகை அடைமழை அதற்குக் கொண்டாட்டம். ஈரப்பதம் தொடர்ந்து 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் வற்றிச் செத்துவிடும். மாசி, பங்குனி வெயிலில் மொட்டை மாடியில் ஜமக்காளத்தைப் புரட்டிப் போட்டுக் காயவைப்பது வீண் வேலையல்ல.

வாக்குவம் கிளீனர் எச்சத்தை உறிஞ்சிவிடும். இழையைக் கவ்விக்கொண்டிருக்கும் பூச்சி பெரும்பாலும் அசையாது. 60 டிகிரி வெந்நீரில் அது தப்பாது. ஆனால் பவானி ஜமக்காளத்தின் சிவப்பும் பச்சையும் கலந்து ஓடுவதைப் பார்க்க யாருக்கு மனம் வரும்? பச்சைத் தண்ணீரில் அலசினாலே எச்சத்தில் பெரும்பகுதி போய்விடும். உதறுவதை மட்டும் வாசலுக்கு வெளியே, மூக்கில் துணி கட்டிக்கொண்டு வைத்துக்கொள்ளலாம். கோரைப்பாய்க்கு இவ்வளவு பாடு இல்லை. ஈரத்துணியால் துடைத்து உலர்த்தினால் போதும்.