உங்களுக்குத் தெரியுமா? சிப்பி பார்க்க வந்தவர் கண்ட குருவி

● கடலடியில் முத்துச்சிப்பி ஒட்டிக் கிடக்கும் பாறைத்தளத்தைத் தூத்துக்குடியில் ‘பார்’ என்பார்கள். ‘தொள்ளாயிரம் பார்’ என்ற பெயருடையது நம் பக்கம். எதிர்க்கரையில், மன்னாருக்குத் தெற்கே, அரிப்புப் பார்கள். சிப்பி இரு கரைக்கும் பொது. ஆனால் அக்கரை மலைகளில் பாடும் சில பறவைகளை இக்கரையில் பார்க்கவே முடியாது. இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் அவை இல்லை.

● அவற்றில் இரண்டை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியவர் எட்மண்ட் ஹோல்ட்ஸ்வொர்த். 1860களில் அவர் இலங்கை வந்தது முத்துச்சிப்பியை ஆராய! சிப்பி வேலைக்கு நடுவே பறவைகளையும் குறித்துவைத்து, 1872-இல் இலங்கைப் பறவைப் பட்டியல் ஒன்றை வெளியிட்டார். இலங்கை வெள்ளைக்கண்ணியும் இலங்கைப் பூங்குருவியும் அதில்தான் பெயர் பெற்றன.

● இவருக்கு முன்பே இன்னொரு முத்துச்சிப்பி ஆய்வாளர் உண்டு. இலங்கையிலேயே பிறந்த மருத்துவர் கேலார்ட். மஞ்சள் காதுச் சின்னானுக்கு ஒரு காலத்தில் சூட்டிய பேரினப் பெயரான ‘கேலார்ட்டியா’ இவர் நினைவாக வந்தது. இந்தப் பறவை நம் தெருவில் கத்தும் சின்னானுக்கு உறவுதான். கன்னத்தில் மஞ்சள் குஞ்சம் தொங்குவதால் சட்டென்று தெரிந்துவிடும். நுவரெலியா பூங்காவில் நின்றாலே பார்க்கலாம்.

● வெள்ளைக்கண்ணி அவ்வளவு சுலபமில்லை. ஊட்டி, கொடைக்கானலில் கூட்டமாகத் திரியும் நம் வெள்ளைக்கண்ணி இலங்கையிலும் இருக்கிறது. இரண்டுக்கும் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். முதுகைப் பாருங்கள்: நம்முடையது மஞ்சள் கலந்த வெளிர்ப்பச்சை, தீவுக்கே உரியது பாசி நிறம். அலகும் சற்றுப் பெரிது. எவ்வளவு உயரத்தில் நிற்கிறீர்கள் என்பதும் ஒரு துப்பு; உயர்மலைக் காடென்றால் பெரும்பாலும் தீவுப் பறவைதான்.

● பனியுகத்தில் கடல்மட்டம் தாழ்ந்தபோது தமிழகமும் இலங்கையும் ஒரே நிலம். பிறகு ஏன் இந்தப் பறவைகள் இங்கே வரவில்லை? இடையில் கிடந்தது வறண்ட சமவெளி. ஈரமலைக் காட்டை விட்டிறங்காத பறவைக்கு அதுவும் ஒரு கடல்தான் என்கிறார்கள். ராமநாதபுரத்து வெயிலில் ஒரு மதியம் நின்றவர் மறுக்கமாட்டார்.

● இலங்கைப் பூங்குருவிக்குச் சூட்டிய ‘பிளைகி’, சாமுவேல் பிளை என்ற காப்பித் தோட்டக்காரரின் பெயர். சின்னான் அளவே இருக்கும். ஆண் கருமை, பெண் பழுப்பு, இரண்டுக்கும் தோளில் நீலத் திட்டு. அழியும் ஆபத்தில் உள்ள இதைத் தேடுவோர் ஹார்ட்டன் சமவெளியின் ‘அரெங்கா குளம்’ ஓரமாக விடியுமுன்பே போய் நிற்பார்கள். அரெங்கா என்பது ஹோல்ட்ஸ்வொர்த் காலத்தில் இந்தப் பறவைக்கு இருந்த பேரினப் பெயர். குளிரில் விரல் விறைக்கும், டார்ச் அடிக்கக் கூடாது. முதலில் மெல்லிய சீழ்க்கை ஒன்று வரும். பிறகு ஈரப் பாறைமேல் ஒரு நிழல் தாவும். வெளிச்சம் ஏறிவிட்டால் புதருக்குள் போய்விடும், அப்புறம் சாயங்காலம்தான்.