கிட்னிக்குள்ள ரத்தம் போற வழி

இன்னைக்கு எபிசோட்ல கிட்னி. முதல்ல ஒரு கணக்கு. ரெண்டு சிறுநீரகமும் சேர்ந்து சுமார் 300 கிராம் இருக்கும். உடல் எடையில அரை சதவீதம்தான். ஆனா இதயம் பம்ப் பண்ற ரத்தத்துல கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு, அதாவது நிமிஷத்துக்கு ஒரு லிட்டர் அளவுக்கு, அங்கேதான் போகுது. எதுக்கு இவ்வளவு? வடிகட்டத்தான்.

கிட்னியை நீளவாக்குல வெட்டினா வெளிப்பக்கம் கார்டெக்ஸ், உள்ளே மெடுல்லா. ஒவ்வொரு கிட்னியிலும் சுமார் 10 லட்சம் நெஃப்ரான்கள். ஒவ்வொரு நெஃப்ரானோட தொடக்கத்துலயும் நூல்கண்டு மாதிரி சுருண்ட நுண்ணிய ரத்தக்குழாய்கள் இருக்கும். இதுக்குப் பேர் குளோமெருலஸ். இதுதான் ஃபில்டர்.

பொதுவா உடம்புல தமனி, நுண்குழாய், அப்புறம் சிரை, இதுதான் வரிசை. கிட்னியில மட்டும் ஒரு வித்தியாசம். ஃபில்டரை விட்டு வெளியே வர்றதும் ஒரு குட்டித் தமனிதான். அது சுருங்கி விரியும். தண்ணி பைப் நுனியில கட்டைவிரலை வச்சா உள்ளே அழுத்தம் ஏறும்ல, அதே கதை. அந்த அழுத்தத்துலதான் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் திரவம் வடிகட்டப்படுது. வெளியே வந்த தமனி திரும்பவும் வலையா பிரிஞ்சு நெஃப்ரானைச் சுத்திக்கும். வடிகட்டின தண்ணியில பெரும்பகுதி அந்த வலை வழியா ரத்தத்துக்கே திரும்பிடும். சிறுநீரா போறது ஒன்றரை லிட்டர் மாதிரிதான்.

இப்போ விஷயத்துக்கு வருவோம். வாந்தி, பேதி, கடும் வெயில்னு உடம்புல நீர் குறைஞ்சா கிட்னிக்கு வர்ற ரத்தமும் குறையும். அப்போ புரோஸ்டாகிளாண்டின்ங்கிற ரசாயனம் ஃபில்டரோட நுழைவுக் குழாய் சுருங்கிடாம பார்த்துக்கும். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரைகள் அந்த ரசாயனம் உருவாகுறதையே குறைச்சிடும். வலி குறையும், கூடவே நுழைவுக் குழாய் சுருங்கி, ஃபில்டர்ல அழுத்தமும் இறங்கும். கிட்னி திடீர்னு பாதிக்கப்படலாம். அங்கே வலிகூட தெரியாம போகலாம்.

ஆரோக்கியமா இருக்கிறவங்க எப்பவோ ஒண்ணு போட்டா பெரும்பாலும் பிரச்சினை இல்ல. ஆனா பேதியில கிடக்கும்போது டாக்டரைக் கேட்காம இந்த மாத்திரைகளைப் போடாதீங்க. வீட்ல பெரியவங்க பிபி மாத்திரை சாப்பிடுறாங்கன்னா அவங்களுக்கும் இதைச் சொல்லுங்க. ஆபத்து அவங்களுக்குத்தான் அதிகம்.