காயமும் தேற்றமும்: ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலில் கங்கா

முன்னுரை

ஜெயகாந்தனின் ‘அக்னிப் பிரவேசம்’ என்னும் சிறுகதை 1966ஆம் ஆண்டு ஆனந்த விகடனில் வெளிவந்து கடும் விவாதத்திற்கு உள்ளானது. அக்கதையின் முடிவு வேறாக அமைந்திருப்பின் அப்பெண்ணின் வாழ்வு என்னவாகும் என்னும் வினாவின் விரிவே ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவல். இது 1972ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. பாதிக்கப்பட்ட இளம்பெண் ஒருத்தி மீண்டெழுவதற்குத் துணையாவது எது, தடையாவது எது என்பதை இந்நாவலின்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

தாயின் இரு மறுமொழிகள்

மழைநாளில் அறிமுகமற்ற ஒருவனின் காரில் ஏறும் கல்லூரி மாணவி அவனது இச்சைக்கு இரையாகிறாள். சிறுகதையில் தாய் முதலில் மகளை அடித்தாலும், பின்னர் அவள் தலையில் நீரூற்றி, அவள் தூய்மையானவளே எனத் தேற்றுகிறாள். நிகழ்ந்ததை எவரிடமும் கூறலாகாது எனவும் அறிவுறுத்துகிறாள். நாவலிலோ தாய் கனகம் கதறியழ, செய்தி ஊரறியப் பரவுகிறது. அண்ணன் கணேசன் கங்காவை வீட்டைவிட்டு வெளியேற்றுகிறான். நிகழ்வு ஒன்றே, அதனை எதிர்கொண்ட விதமே வேறு. கங்காவின் வாழ்வைச் சிதைத்ததில் அம்மழைநாளைவிட வீட்டாரின் தீர்ப்புக்கே பெரும்பங்கு உண்டு என்பதை இவ்வேறுபாடு உணர்த்துகிறது.

வளர்ச்சியும் தடையும்

மாமா வேங்கடராமய்யர் கங்காவைப் படிக்க வைக்கிறார். ஆனால் அடைக்கலம் தந்த அவரே அவள்மீது தகாத விருப்பமும் கொள்கிறார். கல்வியும் பணியும் கங்காவுக்குப் பொருளாதாரத் தற்சார்பைத் தருகின்றன. அகக் காயத்தை அவை ஆற்றவில்லை. தன்னைக் கெடுத்த பிரபுவைத் தேடிக் கண்டடைந்தபின், உடலுறவு சாராத நட்பொன்று இருவரிடையே மலர்கிறது. ஊரார் அவளை அவனது ஆசைநாயகியாகக் கருதினும், தன்னைப் பழிக்காத ஒரு துணையை அவள் அங்குப் பெறுகிறாள். கங்காவே கதையைக் கூறுவதால், பிறர் காணும் கங்காவும் அவள் அறிந்த கங்காவும் வேறு வேறு என்பது வாசகருக்குத் தெளிவாகிறது.

முடிவுரை

கங்கா மணம் செய்துகொள்ள வேண்டுமெனக் கருதிப் பிரபு விலகுகிறான். அவள் நலனை அவளைக் கேளாமலே அவனும் முடிவு செய்கிறான். அவளோ மதுவில் வீழ்கிறாள். சிறுகதையில் தேற்றம் கிடைத்தது. அதற்கு மௌனம் விலையாயிற்று. நாவலில் உண்மை வெளிப்பட்டது, தேற்றம் வாய்க்கவில்லை. மறைக்கவும் வேண்டாமல், பழிக்கவும் படாமல் ஒரு பெண் மீண்டெழும் வழியை இவ்விரு படைப்புகளும் காட்டவில்லை. அவ்வழி அன்றைய சமூகத்தில் அடைபட்டிருந்ததை உணர்த்துவதே இவற்றின் வலிமை.