குழந்தையின் எடை எங்கே போச்சு?

ஒரு கிலோ தண்ணீரை ஐஸாக உறைய வைத்துப் பாருங்கள். பருமன் சுமார் 9 சதவீதம் கூடும். எடை அதே ஒரு கிலோதான்! உள்ளே ஏதாவது போனால், அல்லது வெளியே ஏதாவது வந்தால்தான் ஒரு பொருளின் நிறை மாறும். பள்ளிக்கூடத்தில் படித்த இந்தப் பாடம் பிள்ளை வளர்ப்பிலும் கை கொடுக்கிறது.

என் பேத்தி பிறந்தபோது 3 கிலோ. மூன்றாம் நாள் 2 கிலோ 800 கிராம். "பால் பத்தலை, புட்டிப்பால் கொடு" என்று பார்க்க வந்தவர்கள் சொல்ல, என் மகள் அழுதே விட்டாள். "உடம்பிலே இருந்த அதிகப்படி நீரும், கருமலமும்தாண்டி வெளியே போயிருக்கு" என்று தேற்றினேன். தாய்ப்பாலிலேயே 12-ஆம் நாள் பழைய எடைக்கு வந்துவிட்டாள்.

முதல் சில நாட்களில் 10 சதவீதம் வரை எடை குறைவது இயல்பு. பெரும்பாலும் 10 முதல் 14 நாட்களுக்குள் திரும்பிவிடும்.

எடை பார்க்கும்போது கவனியுங்கள்: 60 கிராம் பால் குடித்த குழந்தை உடனே 60 கிராம் கூடத்தான் காட்டும். சட்டை, வளையல், ஈரத் துணி எல்லாமே கணக்கில் சேரும். ஆகவே ஒரே தராசில், துணியில்லாமல், பால் கொடுப்பதற்கு முன்பு நிறுங்கள்.

10 சதவீதத்துக்கு மேல் குறைந்தாலோ, இரண்டு வாரத்தில் பிறந்த எடை திரும்பாவிட்டாலோ, ஐந்தாம் நாளுக்குப் பிறகு தினம் ஆறு முறையாவது சிறுநீர் போகாவிட்டாலோ, தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.