சிமிழைக் காலி செய்யும் வேர்

பெங்களூரு அடுகோடியில் எந்த மருந்துக்கடையில் பிரஷர் மாத்திரைச் சீட்டை நீட்டினாலும் இன்று அம்லோடிபினோ டெல்மிசார்டானோதான் பெரும்பாலும் கைக்கு வரும். எனக்குப் பிரியம், இப்போது அரிதாகிவிட்ட ரெசர்பின் மேல்.

சர்ப்பகந்தி வேரில் இருப்பது அது. மனநோய்க்கும் தூக்கமின்மைக்கும் நம் வைத்தியர்கள் காலங்காலமாகக் கொடுத்த வேர். பம்பாய் இதய மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் அதை ரத்தக்கொதிப்புள்ள 50 பேருக்குக் கொடுத்துப் பார்த்து, 1949இல் பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னலில் எழுதினார். 1952இல் சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவனம் வேரிலிருந்து ரெசர்பினைப் பிரித்தெடுத்தது.

ரத்தக்குழாயின் சுவர் தசையால் ஆனது. அதை இறுக்கச் சொல்வது நரம்பு. நரம்பு நுனியில் கண்ணுக்குத் தெரியாத சிமிழ்கள் நிறைய உண்டு, அவற்றுக்குள் நார்அட்ரினலின். கட்டளை வந்ததும் சிமிழ் திறக்கும், நார்அட்ரினலின் கொட்டும், குழாய் இறுகும், அழுத்தம் ஏறும். காலியான சிமிழை மறுபடி நிரப்புவது அதன் சுவரில் உள்ள ஒரு புரதம். ரெசர்பின் போய்ப் பற்றிக்கொள்வது அந்தப் புரதத்தைத்தான். பற்றினால் விடாது. வெளியிலேயே தங்கிவிட்ட நார்அட்ரினலினை நரம்பில் இருக்கும் நொதி சிதைத்துவிடும். அதன்பின் கட்டளை வந்தாலும் கொட்டுவதற்குச் சரக்கு இல்லை. குழாய் தளர்கிறது, இதயமும் நிதானமாகிறது.

இதற்குப் பொறுமை வேண்டும். முழுப் பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும். நிறுத்தினாலும் புதுச் சிமிழ்கள் உருவாகும்வரை பலன் நீடிக்கும். அளவோ, நாளுக்குக் கால் மில்லிகிராமுக்குள்.

மூளையிலும் இதே சிமிழ்கள் இருக்கின்றன. அதனால்தான் அந்த வேர் கொந்தளிக்கும் மனத்தை அடக்கியது. அதனால்தான் அளவு கூடியபோது சிலரைச் சோர்விலும் தள்ளியது. சுவீடனின் ஆர்விட் கார்ல்சன் 1957இல் முயல்களுக்கு ரெசர்பின் கொடுத்தார். காது தொங்க, அசைவற்றுக் கிடந்தன. மூளையில் டோபமினாக மாறும் எல்-டோபாவை ஊசியாகப் போட்டதும் எழுந்து நடந்தன! அசைவுக்கு டோபமின் வேண்டும் என்று உலகுக்குத் தெரிந்தது இப்படித்தான். அவருக்கு 2000இல் நோபல் பரிசு கிடைத்தது.

அடுகோடியிலிருந்து ஓசூர் சாலையில் சிறிது தூரத்தில் நிம்ஹான்ஸ் மருத்துவமனை. அங்கே நரம்பியல் பிரிவுக்குக் கைநடுக்கத்தோடு வரும் பார்க்கின்சன் நோயாளிகளுக்கு எழுதித் தரப்படும் லெவோடோபா, அந்த முயல்களை எழுப்பிய அதே எல்-டோபாதான்.