உங்களுக்குத் தெரியுமா? கிரேனில் ஆயில் கசிந்தால்...

● ஹைட்ராலிக் ஹோஸில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் போதும். 200 பார் அழுத்தத்தில் பீறிடும் ஆயில் கையுறையையும் தோலையும் துளைத்துவிடும். கசிவைக் கையால் தடவித் தேடவே கூடாது. நீளமான அட்டைத் துண்டை ஹோஸ் ஓரமாக நகர்த்துங்கள். அட்டை எங்கே நனைகிறதோ அங்கேதான் ஓட்டை.

● தோலுக்குள் ஆயில் புகுந்தால் முதலில் சிறு புள்ளிதான் தெரியும். வலியும் அதிகம் இருக்காது. ஆனாலும் உடனே அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போங்கள். தாமதித்தால் விரலையே இழக்க நேரலாம்.

● நொடிக்கு ஒரு சொட்டு ஒழுகினால் நாளொன்றுக்குச் சுமார் 4 லிட்டர் ஆயில் வீண்.

● நீட்டி நிறுத்திய பூம் மெல்ல உள்வாங்கினால், உடனே சீல் போய்விட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். சூடான ஆயில் ஆறும்போது சுருங்கும்: சிலிண்டரில் 5 மீட்டர் நீளத்துக்கு நிற்கும் ஆயில் 20 டிகிரி செல்சியஸ் குளிர்ந்தால் சுமார் 7 செ.மீ. குறையும். ஆறிய பின்னும் உள்வாங்கினால் சீலையும் ஹோல்டிங் வால்வையும் சோதியுங்கள்.

● ஆயில் பால்போல வெளுத்திருந்தால் அதில் தண்ணீர் கலந்திருக்கிறது. மாற்றியே ஆக வேண்டும்.

எந்த இணைப்பைக் கழற்றும் முன்பும் பூமை இறக்கி, எஞ்சினை அணைத்து, லைனில் தங்கிய அழுத்தத்தை வெளியேற்றுங்கள். வேலை எவ்வளவு அவசரமானாலும் இந்த மூன்றையும் தவிர்க்காதீர்கள்.